தெருவில் நடக்கும் உரிமையை எழுதி வாங்கியவர்

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் நெல் விளைவதற்குக் காரணம் முல்லைப் பெரியாறு. அந்த அணை திறக்கப்பட்டது 1895-ல் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். பென்னிகுக் படத்தை வைத்துப் பொங்கல் வைக்கிற ஊர்கள் இவை. அதே 1895-ல் சென்னையில் ஒருவர், தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளை எழுதி எடுத்துக்கொண்டு வைஸ்ராய் எல்ஜின் பிரபுவைச் சந்தித்தார். மலையைக் குடைந்து கொண்டுவந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது. அந்த வயலில் நாற்று நட்டவர்கள் ஊர்ப் பொதுக்கிணற்றில் வாளியை இறக்க முடியாது என்ற நிலை மட்டும் அப்படியே இருந்தது. அந்த இரண்டாவது அணையை உடைக்க வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்தான் எல்ஜினைச் சந்தித்த அந்த மனிதர், இரட்டைமலை சீனிவாசன். செப்டம்பர் 18 அவருடைய நினைவு நாள்.

அம்பேத்கரின் பெயர் நம் காலனித் தெருக்களில் பலகையாகவும் சிலையாகவும் இருக்கிறது. லண்டன் வட்டமேசை மாநாட்டில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த தமிழரின் பெயர் நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஒரு மதிப்பெண் கேள்விக்கான விடையாக மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் இன்று நாம் எந்தத் தடையும் இல்லாமல் பேருந்து நிலையத்திலும் தாலுகா அலுவலகத்திலும் நுழைகிறோம் என்றால், அதற்குப் பின்னால் அவர் எழுதிய தீர்மானம் ஒன்று இருக்கிறது.

மணி அடித்த பிறகு நுழைந்த மாணவன்

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கம் உள்ள கோழியாளம் என்ற கிராமத்தில் 1859 ஜூலை 7-ல் பிறந்தவர் சீனிவாசன். படித்தது கோயம்புத்தூரில். அவர் படித்த இடத்தில் ஏறக்குறைய 400 மாணவர்கள். அவர்களில் சுமார் 10 பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமணப் பிள்ளைகள். யாராவது நெருங்கிப் பழகினால் ஊர் எது, வீடு எந்தத் தெருவில் என்று கேட்பார்கள். பதில் சொன்னால் சாதி தெரிந்துவிடும். தெரிந்தால் கேவலமாக நடத்துவார்கள். அந்த அச்சத்தில் அவர் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்து எல்லோரும் உள்ளே போன பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடந்துவிடுவார். வயதான காலத்தில், 1939-ல் வெளியிட்ட தன் வாழ்க்கைக் குறிப்பில் அவரே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்களில் சிலருக்கு இது பழங்கதையாகத் தோன்றாது. விடுதியில் சேர்ந்த முதல் வாரத்தில் எந்த ஊர் என்று தொடங்கி எந்தத் தெரு என்று முடியும் விசாரணை இன்றும் நடக்கிறது. கேட்பவர் எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார் என்பது பதில் சொல்பவருக்குத் தெரியும்.

படிப்பை முடித்த சீனிவாசன் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனம் ஒன்றில் கணக்கராக வேலை பார்த்தார். 1887-ல் ரங்கநாயகி அம்மாளை மணந்தார். அவருடைய சகோதரி தனலட்சுமியை மணந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். தமிழகத்தின் தலித் அரசியலுக்கு வித்திட்ட இரண்டு பேரும் மைத்துனர்கள். ஆனால் இருவர் வழியும் ஒன்றல்ல. பௌத்தமும் பழைய தமிழ் இலக்கியமும் வழியாகப் பூர்வீக வரலாற்றை மீட்பதில் இறங்கினார் பண்டிதர். சட்டமும் மனுவும் சபையும் பத்திரிகையும் சீனிவாசனின் கருவிகளாயின.

மறைத்த பெயரே பத்திரிகையின் பெயர்

1890-ல் அவர் சென்னைக்கு வந்தார். அது தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமை அரசு ஆவணங்களில் ஏறத் தொடங்கிய காலம். அவர் பிறந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், நிலமற்ற பறையர் மக்களின் அவல நிலை குறித்து 1891-ல் அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892-ல் வந்த அரசாணைதான் பிற்காலத்தில் பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லும் நில ஒதுக்கீட்டுக்கு அடிப்படை. 1893-ல் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் கல்விக்கான அரசாணையும் வந்தது. அதிகாரிகள் மனம் வைத்தால் சில கதவுகள் திறக்கும் என்பது தெரிந்தது. அந்தக் கதவுகளை மூடவிடாமல் காலை வைத்து நிற்க ஓர் அமைப்பு வேண்டும் என்று சீனிவாசன் பறையர் மகாஜன சபையைக் கட்டினார்.

1893 அக்டோபரில் பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’. எந்தச் சொல்லை மறைக்கப் பள்ளிக்கூட வாசலில் ஒளிந்து நின்றாரோ, அதே சொல்லைப் பத்திரிகையின் நெற்றியில் அச்சடித்தார். தன் பெயரைச் சொல்லக் கூசுகிறவன் தன் உரிமையையும் கேட்கமாட்டான் என்பது அவருடைய எண்ணம். நான்கு பக்கமும் இரண்டணா விலையுமாகத் தொடங்கிய அந்த இதழ் மாத இதழாக வந்து, பிறகு வார இதழாயிற்று. 1900 வரை நடந்தது.

பத்திரிகை தொடங்கிய அதே ஆண்டு டிசம்பரில் ஒரு பெரிய மனு புறப்பட்டது. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமின்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்பது காங்கிரசின் கோரிக்கை. சீனிவாசன் அதை எதிர்த்தார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்க முடியாத மக்களிலிருந்து யார் அந்தத் தேர்வை எழுதப் போகிறார்கள்? இங்கே தேர்வு நடந்தால் ஏற்கெனவே கிராமத்தை ஆள்கிற சாதிகளே மாவட்டத்தையும் ஆளும் என்று அவர் கணக்குப் போட்டார். 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமுள்ள மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. இதற்காக அவரை வெள்ளையர் ஆதரவாளர் என்று சொல்கிறவர்கள் உண்டு. நாற்காலி கைமாறும்போது அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதுதான் அவர் கேட்டது. அந்தக் கேள்விக்கு அன்று யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. இடஒதுக்கீடு என்ற பதில் கிடைக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

கடல் கடந்து கழிந்த 20 ஆண்டுகள்

கோரிக்கைகளை லண்டனுக்கே போய் நேரில் வைப்பது என்று 1900-ல் அவர் கப்பல் ஏறினார். ஆனால் பயணம் லண்டனில் முடியவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் தங்கி, பிறகு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போயிருந்த தமிழர்கள் நிறைந்த இடம் அது. காந்தியும் அப்போது அங்கேதான் இருந்தார். இருவருக்கும் பழக்கம் உண்டு. காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவர் இவரே என்பார்கள். 1921-ல் ஊர் திரும்பியபோது அவருக்கு வயது 60-ஐத் தாண்டியிருந்தது. பலர் திண்ணையில் ஓய்ந்து உட்காரும் அந்த வயதில்தான் அவருடைய முக்கியமான வேலையே தொடங்கியது.

மலைக்கு அந்தப்பக்கம் வைக்கம், இந்தப்பக்கம் சட்டமன்றம்

1923-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு அவர் நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு, 1924, தெருக்களின் ஆண்டு என்றே சொல்லலாம். நம் ஊரிலிருந்து குமுளி ஏறி, மலையைக் கடந்து கோட்டயம் போய், அங்கிருந்து சற்று வடக்கே போனால் வைக்கம். அங்கே மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது என்ற தடையை எதிர்த்து 1924 மார்ச் மாத இறுதியில் சத்தியாகிரகம் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து போன பெரியார் அதில் இரண்டு முறை சிறை சென்றார்.

அந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்ட் 22-ல் சென்னைச் சட்டமன்றத்தில் சீனிவாசன் தன் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அது சொன்னது மிக எளிமையான விஷயம். எந்த நகரத்திலும் எந்தக் கிராமத்திலும் பொதுச் சாலை, தெரு, பாதை வழியாக எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கலாம், யாரும் தடுக்கக்கூடாது. அரசு அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடுமிடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்களோ அப்படியே தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம். தீர்மானம் நிறைவேறியது. செப்டம்பர் 25-ல் அரசாணை எண் 2660 வந்தது. 1925 பிப்ரவரியில் அரசிதழிலும் வெளியானது.

நடப்பதற்கு ஓர் அரசாணையா என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அந்த அரசாணைக்கு முன்பும் தெரு இருந்தது. அதற்கான வரியைத் தலித் மக்களும் கட்டினார்கள். நடக்க மட்டும் முடியாது. தடுத்தவரிடம் சண்டை போட்டால் அது ஊர்ப் பழக்கம் என்ற ஒரே பதில் வந்தது. பழக்கத்துக்கு எதிராகக் காட்ட ஒரு தாள் கையில் இல்லை. அந்தத் தாளை வாங்கித் தந்ததுதான் சீனிவாசன் செய்த வேலை.

அதில் ஒரு குறையும் இருந்தது. தடுப்பவருக்கு என்ன தண்டனை என்று அந்தத் தீர்மானத்தில் இல்லை. அதற்கும் சட்டமன்றத்தில் இருந்த தாழ்த்தப்பட்ட உறுப்பினர்களே அழுத்தம் கொடுத்தார்கள். கோவைப் பகுதியைச் சேர்ந்த ஆர்.வீரையன் முன்னெடுத்த முயற்சியால், பொது வழியைத் தடுப்பவருக்கு அபராதம் விதிக்க உள்ளாட்சிச் சட்டங்களில் இடம் கிடைத்தது. 1938-ல் எம்.சி.ராஜா கொண்டுவந்த சட்டம் இதை இன்னும் விரித்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவில் கடை, கிணறு, குளம், படித்துறை, சாலை என்று வரிசையாக வருவதைப் படித்துப் பாருங்கள். 1924-ன் சென்னைத் தீர்மானத்தை அதற்கு முன்னோடி என்று சொல்வது மிகையாகாது.

லண்டனில் வைத்த பட்டியல்

1930-ல் முதல் வட்டமேசை மாநாடு. தாழ்த்தப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக இரண்டு பேர். ஒருவர் அம்பேத்கர், வயது 39. மற்றவர் சீனிவாசன், வயது 71. மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்தபோது, தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் கேட்டிருக்கிறார். தெருவில் தாழ்த்தப்பட்டவர் ஒருவர் விழுந்து கிடந்தால்கூட மேல்சாதிக்காரர் தொட்டுத் தூக்கமாட்டார் என்று சீனிவாசன் விளக்கியிருக்கிறார். அரண்மனையில் நின்றபோதும் அவர் உதாரணம் தேடியது தெருவில்தான்.

அந்த மாநாட்டில் இருவரும் சேர்ந்து கொடுத்த கோரிக்கைப் பட்டியலை நம் பகுதி மக்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். சம குடியுரிமை, சட்டமன்றங்களில் பிரதிநிதித்துவம், அரசு வேலையில் பங்கு ஆகியவற்றோடு இன்னொன்றும் அதில் இருந்தது. சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்க வேண்டும் என்பது அது. உரிமை கேட்ட மக்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடாமல், வேலை தராமல், ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் எந்தச் சேவையும் தராமல் பணிய வைப்பதைச் சட்டம் தடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்.

இதன் பொருள் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். பள்ளத்தாக்கில் நெல்லும் திராட்சையும் வாழையும் விளைகிற நிலத்தில் தலித் குடும்பங்களின் பங்கு பெரும்பாலும் கூலிதான். விடியும் முன்பே ஜீப்பில் ஏறிக் குமுளி வழியாகவும் கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்கும் அன்றன்றைய கூலிதான் அடுப்பு. டீக்கடையில் தனிக்குவளையைப் பற்றி வாய் திறந்தால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள், கடையில் சாமான் தரமாட்டார்கள், பால் ஊற்றமாட்டார்கள் என்ற பயம் சட்டப் புத்தகத்தை விடக் கனமானது. 1989-ல் போடியில் மூண்ட சாதிக் கலவரத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்குப் பயத்துக்கு வேறு காரணமும் உண்டு. இவ்வளவையும் தெரிந்துதான் அந்த இருவரும் தெருவுக்கும் கிணற்றுக்கும் அடுத்ததாகக் கூலியையும் கடையையும் பட்டியலில் சேர்த்தார்கள்.

1932 செப்டம்பர் 24-ல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்திலும் சீனிவாசனின் கையெழுத்து இருக்கிறது. தனித்தொகுதி வாக்காளர் முறை போய் பொதுத் தொகுதியில் இடஒதுக்கீடு வந்தது. சென்னை மாகாணத்துக்கு 30 இடங்கள். இன்று நம் மாவட்டத்தில் பெரியகுளம் சட்டமன்றத் தொகுதி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதன் வேர் அங்கே இருக்கிறது. ஒதுக்கீடு காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் பக்கத்திலேயே சாட்சி உண்டு. உசிலம்பட்டி வட்டாரத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டு 10 ஆண்டுகள் வரை முறையான தேர்தல் நடத்த முடியவில்லை. 2006-ல்தான் நடந்தது.

எல்லோருக்கும் என்ற சொல்

சீனிவாசனின் வாழ்க்கையில் இன்னொரு நகர்வையும் கவனிக்க வேண்டும். 1890-களில் அவருடைய சபையும் பத்திரிகையும் ஒரு சாதியின் பெயரைத் தாங்கி நின்றன. 1924-ல் அவர் எழுதிய தீர்மானம் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் என்றே பேசியது. லண்டனில் அவர் இந்தியாவின் தாழ்த்தப்பட்டோர் அனைவருக்குமாகப் பேசினார். இழிவைத் துடைக்கத் தன் பெயரை உரக்கச் சொல்வது முதல் படி. தன்னைப் போலவே மிதிபடுகிற எல்லோரையும் சேர்த்துக்கொள்வது அடுத்த படி.

பள்ளரும் பறையரும் அருந்ததியரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நம் மாவட்டத்தில் இந்த இரண்டாவது படி இன்னும் ஏறி முடிக்கப்படவில்லை. சாக்கடை அள்ளுகிற, தெருக் கூட்டுகிற வேலையில் தள்ளப்பட்டிருக்கும் அருந்ததியர் மக்களை மற்ற தலித்துகள் எப்படி நடத்துகிறோம், அவர்கள் வீட்டு விசேஷத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமா என்ற கேள்வியை வெளியே இருந்து யாரும் கேட்கும் முன் நாமே கேட்டுக்கொள்வது நல்லது. ஊர்க் கிணற்றில் உரிமை கேட்டவர்கள் தங்கள் தெருக் குழாயில் இன்னொருவரைத் தடுத்தால், அதுவும் அரசாணை 2660-ஐ மீறுவதுதான்.

தாள் இருக்கிறது, எடுப்பார் வேண்டும்

ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் பல பெற்ற சீனிவாசன், 1945 செப்டம்பர் 18-ல் காலமானார். நாட்டு விடுதலையைப் பார்க்க இன்னும் இரண்டு ஆண்டுகள் அவருக்குக் கிடைக்கவில்லை. 2000-ல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டார்கள். சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. சென்னைக்குப் போகிற மாணவர்கள் ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால் அவருடைய உண்மையான நினைவிடம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பட்டியலினத்தவர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது, 2015-ல் திருத்தப்பட்டது. அதன் 3-வது பிரிவு சொல்வதைப் பாருங்கள். பொதுப் பாதை, சுடுகாடு, கிணறு, குளம் ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம். பொது இடத்தில் செருப்பு அணிவதையும், புது உடை உடுத்துவதையும், சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போவதையும் தடுப்பது குற்றம். சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம். அப்படிச் செய்வேன் என்று மிரட்டினாலும் குற்றம். 1924-ல் சென்னையில் கேட்ட தெருவும், 1930-ல் லண்டனில் கேட்ட பாதுகாப்பும் ஒரே பிரிவில் வந்து சேர்ந்திருக்கின்றன.

புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். விசாரணையைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி நடத்த வேண்டும். கடமை தவறும் அரசு ஊழியர் மீதும் இதே சட்டத்தில் நடவடிக்கைக்கு வழி உண்டு. ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். 14566 என்ற தேசிய உதவி எண்ணை எந்தச் செல்போனிலிருந்தும் அழைக்கலாம். காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பாமல், நடந்ததைத் தேதி, இடம், சாட்சி என்று வரிசையாக எழுதிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

ஒவ்வொரு காலனியிலும் இன்று பட்டதாரிகள் இருக்கிறார்கள். மனு எழுதத் தெரியாமல் கை கட்டி நின்ற காலம் போய்விட்டது. தன் தெருவில் சுடுகாட்டுப் பாதை மறிக்கப்பட்டிருந்தால், தன் அம்மாவுக்குக் கூலி வேலை மறுக்கப்பட்டிருந்தால், அதை முறையாக எழுதிக் கொடுக்கப் படித்த பிள்ளைகள் முன்வர வேண்டும். பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே ஒளிந்திருந்த ஒரு பையன் 65 வயதில் சட்டமன்றத்தில் எழுந்து நின்று செய்ததும் அந்த வேலையைத்தான்.